பழைய இங்கிலீஷ் டெக்ஸ்ட்டை சர்ச் வரலாறு, கிராமர் ரெண்டையும் சேத்து வச்சு படிக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிஏ இங்கிலீஷ் லிட்ரச்சர் படிக்கறவங்களுக்கு மூணு விஷயம் தனித்தனி பேப்பரா வரும். பிரிட்டிஷ் லிட்ரச்சர்ல சாசர், ஷேக்ஸ்பியர், டன், மில்டன், பன்யன். சோஷியல் ஹிஸ்டரில ரிஃபர்மேஷன் (போப்போட சர்ச்சை விட்டுப் பிரிஞ்ச புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம்), ப்யூரிட்டன் (அந்தச் சீர்திருத்தம் பத்தலன்னு சொன்ன தீவிர புராட்டஸ்டன்ட்), ரெஸ்டொரேஷன் (ராஜா ஆட்சி திரும்ப வந்தது)னு ஷார்ட் நோட்ஸ். அப்புறம் கிராமர் பேப்பர். மூணுக்கும் மூணு நோட்டு, மூணு கைடு, பரீட்சை முடிஞ்சா மூணும் தனித்தனியா மறந்துபோயிடும். இந்த மூணையும் ஒரே மேஜைல, ஒரே நேரத்துல, ஒரே பாட்டு மேல வச்சு படிங்கன்னு சொல்லத்தான் இத எழுதறேன். ஏன்னா 1380கள்லேர்ந்து 1680கள் வரைக்கும் இங்கிலாந்துல எழுதினவங்களுக்கு மதம்ங்கிறது தலை போற விஷயமா இருந்துச்சு, அந்தச் சண்டைல பாதி நடந்ததே எந்த வார்த்தையைப் போடறது, எந்த ப்ரனவுன்ல கூப்பிடறதுங்கிறதுலதான். கிராமர் தெரியாம அந்த வரி புரியாது, வரலாறு தெரியாம அந்த வரிக்காக ஏன் ஜெயிலுக்குப் போனாங்கன்னு புரியாது.

எந்த மதத்துல பொறந்தவங்களா இருந்தாலும் சரி, எந்த நம்பிக்கையும் இல்லாதவங்களா இருந்தாலும் சரி, இது எல்லாருக்கும் பொது. தேவாரம் படிக்க சைவரா இருக்கணும்னு இல்லையே, அதே மாதிரிதான்.

ஸ்டெப் 1: ஒரே பக்கத்துல ஒரு காலக்கோடு

நோட்டுல ஒரு பக்கம் எடுத்து நடுவுல கோடு போடுங்க. கோட்டுக்கு மேல ராஜா, ராணி பேரு. கோட்டுக்குக் கீழ அப்போ எந்த சர்ச்சுக்கு அதிகாரம், வழிபாடு எந்த மொழில நடந்துச்சு. இவ்ளோ போதும், போர், வரி, வியாபாரம் எல்லாம் இந்தப் பக்கத்துக்கு வேணாம்.

1534ல எட்டாம் ஹென்றி போப்போட உறவை அறுத்துட்டு, இங்கிலாந்து சர்ச்சுக்கு நான்தான் தலைவர்னு சட்டம் கொண்டு வர்றார். 1536லேர்ந்து சில வருஷத்துல மடங்கள் எல்லாத்தையும் மூடி சொத்தை எடுத்துக்கறாங்க. 1538ல கேண்டர்பரியில இருந்த தாமஸ் பெக்கெட்டோட சமாதியை உடைக்கறாங்க, சாசரோட யாத்திரிகர்கள் கதை சொல்லிக்கிட்டே போறது அந்த சமாதியைப் பாக்கத்தான், அதனால இந்த வருஷத்தை சாசர் பக்கத்துலயும் குறிச்சு வைங்க. 1547ல ஆறாம் எட்வர்ட் வர்றார், 1549ல கேண்டர்பரி ஆர்ச்பிஷப் கிரான்மர் தயார் பண்ணின காமன் ப்ரேயர் புத்தகம் வருது, லத்தீன் போய் கோயில்ல இங்கிலீஷ் கேக்குது. 1553ல மேரி வந்ததும் திரும்பவும் கத்தோலிக்கம், கிட்டத்தட்ட 280 பேரை உயிரோட எரிச்சாங்க, கிரான்மரையும் 1556ல ஆக்ஸ்ஃபோர்டுல எரிச்சாங்க. 1558ல எலிசபெத், அடுத்த வருஷமே மறுபடி புராட்டஸ்டன்ட். 1525ல பொறந்த ஒருத்தர் 35 வயசுக்குள்ள நாட்டோட மதம் நாலு தடவை புரண்டதைப் பாத்திருப்பார்னு யோசிச்சுப் பாருங்க, காலைல எழுந்தா எந்த ஜெபம் சட்டப்படி சரின்னே சந்தேகம் வர்ற காலம் அது.

மீதியை வேகமா எழுதிக்கலாம். 1570ல போப் எலிசபெத்தை சபைலேர்ந்து நீக்கறார், அதுக்கப்புறம் கத்தோலிக்கரா இருக்கறதே ராஜதுரோகம் மாதிரி பாக்கப்பட்டுச்சு. 1605 கன்பவுடர் ப்ளாட், கத்தோலிக்கர் சிலர் ராஜாவையும் பார்லிமென்ட்டையும் வெடி வைக்கப் பாத்த சதி. 1611 கிங் ஜேம்ஸ் பைபிள். 1642ல உள்நாட்டுப் போர், நாடகக் கொட்டகைகளை மூடறாங்க. 1649 ஜனவரி 30 முதலாம் சார்ல்ஸ் தலையை வெட்டறாங்க. 1660ல ராஜா திரும்ப வர்றார். 1689 டாலரேஷன் ஆக்ட், அரசு சர்ச்சுல சேராத புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டு அனுமதி கொடுத்த சட்டம், அதோட கோட்டை நிறுத்திக்கலாம்.

இப்போ எழுத்தாளர்களை அந்தக் கோட்டுல உக்கார வைங்க. இதுதான் முக்கியமான வேலை. டன் 1572ல கத்தோலிக்கக் குடும்பத்துல பொறந்தவர், அவரோட தம்பி ஹென்றி ஒரு பாதிரியாருக்கு இடம் கொடுத்ததுக்காகப் பிடிபட்டு 1593ல நியூகேட் ஜெயில்லயே செத்துப்போனார், அதே டன் 1615ல ஆங்கிலிக்கன் பாதிரியாராகி 1621ல செயின்ட் பால்ஸ் கதீட்ரலுக்கே டீன் ஆகறார். இத கோட்டுல பாத்துட்டு அவரோட ஹோலி சானட்ஸைப் படிச்சா, "மெட்டஃபிசிக்கல் கன்சீட்"னு கைடுல போட்டிருக்கறதைத் தாண்டி ஒரு மனுஷன் தெரிவார். பன்யன் ஏன் ஜெயில்ல? லைசென்ஸ் இல்லாம பிரசங்கம் பண்ணினதுக்கு, 1660லேர்ந்து 1672 வரைக்கும் பெட்ஃபோர்டுல. மில்டன் சார்ல்ஸ் தலையை வெட்டினது சரின்னு எழுதி, 1649லேர்ந்து குடியரசு அரசாங்கத்துக்கு லத்தீன் கடிதம் எழுதற வேலை பாத்தவர், அவர் பாரடைஸ் லாஸ்ட்டை வெளியிடறப்போ வருஷம் 1667, அவர் நம்பின அரசாங்கம் தோத்து ஏழு வருஷம் ஆச்சு.

ஹாம்லெட்டையும் இங்கயே பாத்துடலாம். அப்பாவோட ஆவி, பாவம் எரிஞ்சு தீர்ற வரைக்கும் கொஞ்ச காலம் நெருப்புல இருக்கணும்னு சொல்லுது. அது கத்தோலிக்கர் சொல்ற உத்தரிக்கிற ஸ்தலம். ஆனா நாடகம் போட்ட லண்டன்ல அந்த நம்பிக்கையை சர்ச் அதிகாரபூர்வமா ஒதுக்கியாச்சு. ஹாம்லெட் படிக்கறதோ விட்டன்பெர்க்ல, 1517ல லூதர் ஆரம்பிச்ச அதே ஊர். இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சா, ஆவி நிஜமா பிசாசான்னு ஹாம்லெட் ஏன் இவ்ளோ குழம்பறான்னு தானா புரியும். அவன் சும்மா தயங்கறவன்னு சொல்லிட்டுப் போறது எனக்கு ஒத்துக்கவே முடியாத விஷயம்.

ஸ்டெப் 2: பைபிள் எவ்ளோ படிக்கணும்

முழுசா வேணாம். ஆதியாகமம் முதல் மூணு அதிகாரம், காயீன் ஆபேல் கதை, யாத்திராகமத்துல எகிப்தை விட்டு வர்ற பகுதி, யோபு முதல் ரெண்டு அதிகாரமும் கடைசி அஞ்சும், சங்கீதம் 23, 51, 137, மத்தேயு 5லேர்ந்து 7 வரைக்கும், 20, 25, லூக்கா 15, வெளிப்படுத்தின விசேஷத்துல கடைசி ரெண்டு அதிகாரம். ஒரு வாரத்துல நிதானமா முடிச்சுடலாம்.

எந்த பைபிள்? கிங் ஜேம்ஸ் வர்ஷன் இங்கிலீஷ்ல, பக்கத்துல தமிழ் பைபிள். இங்க நம்ம பசங்களுக்கு ஒரு சிக்கல் வரும், பேரு. யோபுதான் ஜோப், ஈசாக்குதான் ஐசக், யோவான்தான் ஜான். யாக்கோபு மட்டும் கவனம், தமிழ்ல ஒரே பேரு, இங்கிலீஷ்ல பழைய ஏற்பாட்டுல ஜேக்கப், புதிய ஏற்பாட்டுல பெரும்பாலும் ஜேம்ஸ். பழைய கத்தோலிக்க வழக்கத்துல வளந்தவங்க வீட்ல இராயப்பர், சின்னப்பர், அருளப்பர்னு கேட்டிருப்பாங்க, அது பீட்டர், பால், ஜான். ஒரு சின்னப் பட்டியல் போட்டு அட்டைல ஒட்டிக்கோங்க.

ஒரு விஷயம் எச்சரிக்கையா இருங்க. ஷேக்ஸ்பியர் காலத்துல வீடுகள்ல அதிகமா இருந்தது 1560ல வந்த ஜெனீவா பைபிள். கிங் ஜேம்ஸ் வர்ஷன் வர்றப்போ ஷேக்ஸ்பியர் பெரும்பாலான நாடகத்தை எழுதி முடிச்சாச்சு. அதனால "ஷேக்ஸ்பியர் கிங் ஜேம்ஸ் பைபிளைப் பயன்படுத்தினார்"னு எழுதினா அது தப்பு.

ஸ்டெப் 3: சண்டை நடந்த வார்த்தைகள்

ரிஃபர்மேஷன்னா என்னன்னு பத்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்றதுக்குப் பதிலா, பைபிளை இங்கிலீஷ்ல பெயர்த்த டின்டேல் பண்ணினதை மட்டும் ஆழமா தெரிஞ்சுக்கோங்க, மீதி தானா ஒட்டிக்கும். 1409லேர்ந்தே இங்கிலாந்துல அனுமதி இல்லாம பைபிளை இங்கிலீஷ்ல பெயர்க்கக் கூடாதுன்னு தடை, அதுக்குக் காரணம் 1380கள்ல விக்லிஃப்பும் அவரைச் சேந்தவங்களும் லத்தீன்லேர்ந்து இங்கிலீஷுக்குக் கொண்டு வந்தது. விக்லிஃப் 1384ல செத்துட்டார், ஆனாலும் 1428ல அவர் எலும்பைத் தோண்டி எடுத்து எரிச்சு ஆத்துல கரைச்சாங்க. இந்தத் தடை இருந்ததாலதான் டின்டேல் ஜெர்மனிக்குப் போய், கிரேக்கத்துலேர்ந்து நேரா பெயர்த்து, 1526ல வோர்ம்ஸ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சார். மூட்டைகளுக்குள்ள ஒளிச்சு இங்கிலாந்துக்குள்ள வந்துச்சு, லண்டன் பிஷப் அதை எரிக்க வச்சார்.

அப்படி என்னதான் இருந்துச்சு அதுல? "ப்ரீஸ்ட்"னு இருந்த இடத்துல அவர் முதல்ல "சீனியர்"னு, 1534 திருத்தப் பதிப்புல "எல்டர்"னு போட்டார். "சர்ச்"க்குப் பதிலா "காங்கிரிகேஷன்". "சாரிட்டி"க்குப் பதிலா "லவ்". நம்ம தமிழ் பைபிள்ல மூப்பர், சபை, அன்புன்னு இருக்கறதை நினைச்சுக்கோங்க, அதேதான். பாதிரியார்ங்கிற வார்த்தை போயிட்டா பாவமன்னிப்பு கொடுக்கற அதிகாரம் யாருக்கு? கட்டடமும் அதிகாரமும் சேந்த சர்ச்சுங்கிற வார்த்தை போய், கூடியிருக்கற ஜனங்கன்னு ஆயிட்டா போப் எங்க நிப்பார்? இதுக்காகத்தான் கத்தோலிக்கத் தரப்புல நின்ன தாமஸ் மோர் நூத்துக்கணக்கான பக்கத்துக்கு அவரைத் திட்டி எழுதினார். 1536ல டின்டேலைக் கழுத்தை நெரிச்சு எரிச்சாங்க. எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சு வந்த கிங் ஜேம்ஸ் வர்ஷனோட புதிய ஏற்பாட்டுல பெரும்பகுதி அவரோட வாக்கியங்கள்தான், ஆனா பெயர்ப்பாளர்களுக்கு ராஜா தரப்புலேர்ந்து போன விதிகள்ல ஒண்ணு, பழைய சர்ச் வார்த்தைகளை அப்படியே வைக்கணும், "காங்கிரிகேஷன்"னு போடக் கூடாதுங்கிறது. வார்த்தைக்காக ஒரு ஆளைக் கொன்னாங்க, அவரோட வாக்கியத்தை வச்சுக்கிட்டு அந்த வார்த்தையை மட்டும் திரும்ப மாத்தினாங்க. இத படிக்கறப்போ எனக்கு இப்பவும் மனசு கனக்கும்.

இது கூட ஒரு அஞ்சாறு கருத்தை மட்டும் உங்க சொந்த தமிழ்ல ஒரு வரி எழுதி வைங்க: கிருபை, முன்குறித்தல் (யாருக்கு மீட்புன்னு கடவுள் முன்னாடியே தீர்மானிச்சுட்டார்ங்கிறது), விசுவாசத்தால நீதிமான் ஆகறது, உத்தரிக்கிற ஸ்தலம், பாவமன்னிப்புச் சீட்டு, நற்கருணைல அப்பம் நிஜமாவே உடலா மாறுதாங்கிற சண்டை. சாசரோட யாத்திரிகர்கள்ல ஒருத்தனான பார்டனர் விக்கறது பாவமன்னிப்புச் சீட்டு. மார்லோ நாடகத்துல ஆத்மாவைப் பிசாசுக்கு வித்த டாக்டர் ஃபாஸ்டஸ் கடைசி ராத்திரி மனந்திரும்ப முடியாம துடிக்கறதுல முன்குறித்தல் பத்தின பயம் இருக்கு. அங்கங்க வர்றப்போ இந்தப் பட்டியலைப் புரட்டிக்கலாம்.

ஸ்டெப் 4: கிராமர், முதல்ல ப்ரனவுன்

"தௌ, தீ, தை" வந்தாலே அது கடவுளுக்கான மரியாதைச் சொல்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, முக்கியமா தமிழ் பைபிள்ல "நீர், உம்முடைய"ன்னு கேட்டு வளந்தவங்க. உண்மை நேர் எதிர். "தௌ"ங்கிறது நம்ம நீ. "யூ"ங்கிறது முதல்ல பன்மை, அப்புறம் பெரியவங்களுக்கான நீங்க. அப்பர், மாணிக்கவாசகர் சிவனை நீன்னு கூப்பிட்ட மாதிரிதான் இங்கிலீஷ்காரங்க கடவுளைத் "தௌ"ன்னாங்க. இன்னைக்கு இங்கிலீஷ்ல இந்த வேறுபாடே செத்துப்போச்சு, அதனால லண்டன்ல இருக்கற மாணவனுக்கு இதைப் பாடமா சொல்லிக் கொடுக்கணும், நமக்கு தினமும் வாயில வர்றது. இந்த அனுகூலத்தை விட்டுடாதீங்க.

உதாரணம் ஹாம்லெட் 3ஆம் ஆக்ட் 4ஆம் சீன். அம்மா கெர்ட்ரூட் முதல் வரில மகனைத் "தௌ"ன்னு கூப்பிட்டு, நீ உன் அப்பாவை (அவ இப்போ கட்டிக்கிட்ட சித்தப்பாவை) ரொம்ப நோகடிச்சிட்டன்னு சொல்றா. அவன் அதே வாக்கியத்தைத் திருப்பி, ஆனா "யூ" போட்டு, செத்துப்போன என் அப்பாவை நீங்கதான் நோகடிச்சீங்கன்னு சொல்றான். உடனே அடுத்த வரில அவளும் "யூ"வுக்கு மாறிடறா. நம்ம வீட்டு அம்மா கோவம் வந்தா பையனை "வாங்க சார், இப்பதான் வழி தெரிஞ்சுதா"ன்னு நீங்க போட்டுப் பேசுவாங்களே, அந்தச் சூடு அது. மூணே வரில அம்மா பையன் உறவு உடையறது ஒரு ப்ரனவுன்ல தெரியுது.

ஆனா கிங் ஜேம்ஸ் பைபிள்ல இந்தக் கணக்கைப் போடாதீங்க. அங்க மரியாதைக்கு இடமே இல்ல, எபிரேயத்துலயும் கிரேக்கத்துலயும் ஒருமைன்னா "தௌ", பன்மைன்னா "யீ", அவ்ளோதான், ராஜாவுக்கும் ஒண்ணு பிச்சைக்காரனுக்கும் ஒண்ணு. அதனாலதான் 1650கள்ல ஜார்ஜ் ஃபாக்ஸும் அவர் ஆரம்பிச்ச க்வேக்கர்ங்கிற கிறிஸ்தவக் குழுவும், கடவுள் முன்னாடி எல்லாரும் சமம், நீதிபதியையும் "தௌ"ன்னுதான் கூப்பிடுவோம்னு அடம் பிடிச்சாங்க. தொப்பியைக் கழட்ட மாட்டோம், "யூ" போட மாட்டோம்னு சொன்னதுக்கு அடி வாங்கினாங்க, ஜெயிலுக்குப் போனாங்க. 1660ல ஃபாக்ஸும் அவரோட ரெண்டு தோழர்களும் சேந்து ஒருமை பன்மையைச் சொல்லிக் கொடுக்கறதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டாங்க, பல மொழிகள்லேர்ந்து ஆதாரம் காட்டி. கிராமர் புத்தகமும் மதப் பிரசுரமும் ஒண்ணா இருந்த இடம் அது.

அது மட்டும் இல்ல, நம்ம ஸ்கூல்ல படிச்ச கிராமர் விதிகளுக்கே இப்படி ஒரு வேர் இருக்கு. 1762ல இங்கிலீஷ் கிராமர் எழுதின ராபர்ட் லௌத் ஒரு பாதிரியார், பின்னாடி லண்டன் பிஷப் ஆனவர், எபிரேயக் கவிதை பத்தி ஆராய்ச்சி பண்ணினவர். அவர் அடிக்குறிப்புல ஷேக்ஸ்பியர், மில்டன், பைபிள் பெயர்ப்புலேர்ந்தே வாக்கியம் எடுத்து இது தப்பு, அது தப்புன்னு காட்டுவார். 1795ல வந்த லிண்ட்லி மரேயோட கிராமர் யார்க்ல இருந்த ஒரு க்வேக்கர் பெண்கள் பள்ளிக்காக எழுதினது, அப்புறம் உலகம் பூரா பள்ளிகள்ல ஓடுச்சு. அதனால 1600ஐச் சேந்த ஒரு வரில டபுள் நெகட்டிவ் பாத்தா அது "தப்பு"ன்னு எழுதாதீங்க. அந்த விதியைப் பாடப் புத்தகத்துல கட்டாயமாக்கினது பின்னாடி வந்தவங்க.

மீதி கிராமர் விஷயங்களுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கு. பரமண்டல ஜெபத்தை கிங் ஜேம்ஸ் வர்ஷன்ல, மத்தேயு 6ல எடுத்துக்கோங்க. "அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்", ஆளுக்கு "ஹூ" வரலயே, "விச்" வருதேன்னு பாருங்க, அப்போ அது சரி. "ஆர்ட்"ங்கிறது "தௌ"க்கு வர்ற "ஆர்". அடுத்தது "தை கிங்டம் கம்". இங்க "கம்ஸ்"னு ஏன் இல்ல? அச்சுப் பிழைன்னு நினைக்கற பசங்களைப் பாத்திருக்கேன். தமிழ் பைபிளைத் திறங்க, "உம்முடைய ராஜ்யம் வருவதாக". ஸப்ஜங்க்டிவ்னு கிராமர் பேப்பர்ல பயமுறுத்தற சமாச்சாரம், பத்தாங்கிளாஸ் தமிழ்ல படிச்ச வியங்கோள் வினைமுற்றோட வேலையைத்தான் இந்த இடத்துல செய்யுது. வாழ்க, ஒழிக, வருக, வருவதாக. எந்த நோட்ஸும் எனக்கு இதை இவ்ளோ தெளிவா சொன்னதில்ல.

இன்னும் மூணு மட்டும். கேள்வியும் மறுப்பும் "டூ" இல்லாம வரும், "நோ யூ நாட்" (உங்களுக்குத் தெரியாதா), "ஃபியர் நாட்" (பயப்படாதே)ன்னு. போறது வர்றதுக்கெல்லாம் "ஹேஸ்" இடத்துல "இஸ்" வரும், கிறிஸ்துமஸ் பாட்டுல "த லார்ட் இஸ் கம்"னு பாடறாங்களே அது. அப்புறம் "எத்"ல முடியற வினை, "கமெத், மேக்கெத்", அது வெறும் "கம்ஸ், மேக்ஸ்"தான். இதுக்கு மேல சந்தேகம் வந்தா ஆபட் 1869ல எழுதின ஷேக்ஸ்பியர் கிராமர் நெட்ல இலவசமா கிடைக்குது, வரி எண் போட்டு உதாரணம் இருக்கும். வார்த்தைக்கு ஆக்ஸ்ஃபோர்ட் டிக்ஷனரி, அதுவும் அந்தந்த வருஷத்துல என்ன அர்த்தம்னு காட்டற பெரிய டிக்ஷனரி, காலேஜ் லைப்ரரில கேட்டுப் பாருங்க.

ஸ்டெப் 5: ஒரு பாட்டை முழுசா பிரிச்சுப் பாக்கறது

மில்டன் பார்வை போனதைப் பத்தி எழுதின சானட், "வென் ஐ கன்சிடர்"னு ஆரம்பிக்கறது, கிட்டத்தட்ட எல்லா சிலபஸ்லயும் இருக்கும். 14 வரி. அவருக்கு 1652க்குள்ள முழுசா பார்வை போயிடுச்சு, அப்போ வயசு 43, 44. இதை வச்சு ஆரம்பிங்க.

முதல்ல மெயின் வெர்பைத் தேடுங்க. வரி 1லேர்ந்து கிளை வாக்கியமா வந்துக்கிட்டே இருக்கும், இப்படி நினைக்கறப்போ, பாதி ஆயுசு கூட முடியாம, ஒளிச்சு வச்சா சாவுன்னு சொன்ன அந்த ஒரு தாலந்து என்கிட்ட சும்மா கிடக்க, அவர் திரும்பி வந்து கண்டிச்சுடக் கூடாதேன்னு, இப்படியெல்லாம் போய் 8ஆவது வரிலதான் "ஐ ஃபாண்ட்லி ஆஸ்க்"னு முடியும். ஏழு வரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கடைசில வினை. இங்கிலீஷ்காரங்களுக்கு இது கஷ்டம், நமக்கு வாக்கியத்தோட கடைசிலதான வினைமுற்று வரும், தமிழ்ல அந்த ஏழு வரியையும் ஒரே வாக்கியமா சொல்லிப் பாருங்க, இயல்பா வந்து விழும். பாரடைஸ் லாஸ்ட்டோட முதல் வாக்கியத்துலயும் "சிங்"ங்கிற வினை 6ஆவது வரிலதான் வரும், அதே முறைதான்.

அடுத்தது பழைய அர்த்தம். "ஃபாண்ட்லி"ன்னா பாசமா இல்ல, முட்டாள்தனமா. "ப்ரிவென்ட்"ன்னா முந்திக்கிட்டுத் தடுக்கறது. கண்டிக்கறதுன்னு அர்த்தம் வர்ற "சைட்"ங்கிற வினைல கடைசில "ஸ்" இல்ல, அதுவும் ஸப்ஜங்க்டிவ், கண்டிச்சுடுவாரோங்கிற பயத்தைக் காட்டறது.

அப்புறம் பைபிள். தாலந்து கதை மத்தேயு 25, எஜமான் கொடுத்த காசை மண்ணுல புதைச்ச வேலைக்காரனை இருட்டுல தள்ளற கதை. மில்டனுக்கு இருட்டு வந்தாச்சு, தாலந்தைப் புதைக்காமலே. இதுல இருக்கற வலியைக் கவனிங்க. "டே லேபர்"னு 7ஆவது வரில கேக்கறது மத்தேயு 20ல திராட்சைத் தோட்டக் கூலிக்காரங்களை நினைவுபடுத்தும், அங்க சாயங்காலம் வந்தவனுக்கும் அதே கூலி. "மைல்ட் யோக்", மத்தேயு 11ல வர்ற மெதுவான நுகம்.

இப்போதான் வரலாறு. நம்ம வேலையால கடவுள்கிட்ட நல்ல பேர் வாங்க முடியாது, எல்லாம் அவர் கிருபைன்னு புராட்டஸ்டன்ட் போதனை சொல்லுது. ஆனா சும்மா இருக்கறது பாவம்னும் அதே ப்யூரிட்டன் வளர்ப்பு சொல்லிக் கொடுத்திருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு குருடனான எழுத்தாளர் மாட்டிக்கிட்டிருக்கார். பொறுமை வந்து சொல்ற பதில்ல கடவுளுக்கு மனுஷனோட வேலை தேவையே இல்லன்னு வருது, அது ஆறுதலா இருக்கு, கொஞ்சம் பயமாவும் இருக்கு.

கடைசியா வடிவம். இத்தாலியன் சானட்ல திருப்பம் 9ஆவது வரில வரணும். இங்க "பட் பேஷன்ஸ்"ங்கிற திருப்பம் 8ஆவது வரி நடுவுலயே வந்துடுது. "ப்ரிவென்ட்"ன்னா முந்திக்கிறதுன்னு பாத்தோமே, பொறுமை நிஜமாவே ஒரு அரை வரி முந்திக்கிட்டு வருது. வடிவம், கிராமர், இறையியல் மூணும் ஒரே புள்ளில சேர்ற இடம் இது. இந்த வரிசையை மாத்தாதீங்க: வினை, பழைய அர்த்தம், பைபிள், வரலாறு, வடிவம். வரலாறுல ஆரம்பிச்சா பாட்டைப் படிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுவீங்க.

ஸ்டெப் 6: ஆன்சர் எழுதறது

பெரும்பாலான எஸ்ஸேல முதல் பாரா முழுக்க ரிஃபர்மேஷன் வரலாறு, ரெண்டாவது பாரா எழுத்தாளர் பொறந்தது வளந்தது, மூணாவதுலதான் பாட்டு வரும். அத விட்டுடுங்க. ஒரு வரியை எடுத்துக்கோங்க, அதுல இருக்கற ஒரு கிராமர் விஷயத்தைச் சொல்லுங்க, அது ஏன் அப்படி இருக்குங்கிறதுக்கு வரலாறைக் கொண்டு வாங்க. உதாரணமா டன் பத்தி, "பேட்டர் மை ஹார்ட்" சானட்ல அவர் கடவுளை "யூ"ன்னு கூப்பிடறார், வேற ஒரு ஹோலி சானட்டை "தௌ"ன்னே ஆரம்பிக்கறார், மூணு ஆளா இருக்கற கடவுள்கிட்ட பேசறதால பன்மையா, இல்ல தூரமா நிக்கற ராஜாகிட்ட பேசற மரியாதையா, அதே பாட்டுல கடவுளோட பிரதிநிதியா இருக்கற புத்தியை "வைஸ்ராய்"னு சொல்றதோட இது எப்படி பொருந்துதுன்னு ஒரு பாரா எழுதுங்க. திருத்தறவங்க நிமிந்து உக்காந்து படிப்பாங்க. வருஷம் ரெண்டு மூணு போதும், ஆனா அந்த வருஷம் அந்த வரிக்கு வேலை செய்யணும்.

இன்னொண்ணு, மத விஷயம் எழுதறப்போ "கத்தோலிக்கர் மூடநம்பிக்கை, புராட்டஸ்டன்ட் முன்னேற்றம்"ங்கிற மாதிரி எழுதாதீங்க. பழைய கைடுகள்ல அந்த வாடை நிறைய இருக்கும், அது ஜெயிச்சவங்க எழுதின கதை. எரிச்சவங்க ரெண்டு பக்கமும் இருந்தாங்க, தாமஸ் மோர் தலையும் 1535ல போச்சு.

பயிற்சிக்கு எதை எடுக்கலாம்னா, முதல்ல ஜார்ஜ் ஹெர்பர்ட்டோட "லவ்"ங்கிற பேர்ல இருக்கற மூணாவது பாட்டு, 1633ல வந்த தொகுப்புல "த சர்ச்"ங்கிற நடுப் பகுதியோட கடைசில இருக்கு, 18 வரிதான். அன்புங்கிற பேர்ல கடவுள் விருந்துக்குக் கூப்பிடறார், விருந்தாளி நான் தகுதி இல்லாதவன்னு கூச்சப்பட்டு பின்வாங்கறான். யார் யாரைத் "தீ"ன்னு சொல்றாங்க, யார் யாரை "யூ"ன்னு சொல்றாங்கன்னு பென்சிலால கோடு போடுங்க. மனுஷன் கடவுளை நீன்னு நெருக்கமா கூப்பிடறான், கடவுளோ வீட்டுக்கு வந்த விருந்தாளியை நீங்கன்னு உபசரிக்கிறார். நற்கருணை பத்தின சண்டைல எத்தனையோ பேர் செத்த நாட்டுல, அதே நற்கருணையைப் பத்தி இவ்ளோ சாந்தமா ஒருத்தர் எழுதியிருக்கார்.

அது முடிஞ்சா ஹாம்லெட்டோட அந்த சீன், அப்புறம் பாரடைஸ் லாஸ்ட் முதல் 26 வரி, அதுக்கப்புறம் பன்யன். பன்யனுக்கு மட்டும் பக்கத்துல ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894ல வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தை வச்சுக்கோங்க. பன்யனோட "பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்"ங்கிற பயணக் கதையைத் திருநெல்வேலில பொறந்த, வைணவரா வளந்து கிறிஸ்தவரான ஒரு தமிழ்ப் புலவர், கம்பன் நடைல காப்பியமா பாடினது அது. பன்யன் எளிமையான உரைநடைல, ஊர்ச் சந்தைப் பேச்சுல எழுதினதை இவர் விருத்தத்துல எழுதியிருக்கார். சிலுவை முன்னாடி முதுகுச் சுமை கழண்டு விழற இடத்தை ரெண்டுலயும் எடுத்து, எது எந்த வினையால சொல்லப்படுதுன்னு ஒப்பிட்டு ரெண்டு பக்கம் எழுதிப் பாருங்க. பிஜி ப்ராஜெக்ட்டுக்கே போதுமான விஷயம் அதுல இருக்கு.